கியர்பாக்ஸ் சொல்லும் கணக்கு: போர்ஷே 914-இல் எஞ்சின் மாற்றம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1969 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் மோட்டார் கண்காட்சியில் போர்ஷே 914 அறிமுகமானபோதே அதற்கு இரண்டு எஞ்சின்கள் இருந்தன. ஒன்று, ஃபோக்ஸ்வாகன் 411 காரின் குடும்பத்திலிருந்து வந்த 1.7 லிட்டர், நான்கு சிலிண்டர், 80 குதிரைத்திறன் எஞ்சின். மற்றொன்று, போர்ஷே 911 டி காரிலிருந்து எடுக்கப்பட்ட 2 லிட்டர், ஆறு சிலிண்டர், 110 குதிரைத்திறன் எஞ்சின். இரண்டிலும் சிலிண்டர்கள் இருபுறமும் படுத்த நிலையில் இருக்கும். இரண்டுமே காற்றால் குளிர்விக்கப்படுபவை. இரண்டும் இருக்கைகளுக்குப் பின்னால், பின்சக்கர அச்சுக்கு முன்னால், ஒரே இடத்தில் பொருத்தப்பட்டவை. ஆகவே இந்தக் காரில் வேறு எஞ்சின் வைக்கலாமா என்ற கேள்விக்கு முதல் விடையைத் தொழிற்சாலையே எழுதிவிட்டது. அதன் பிறகான ஐம்பது ஆண்டுகளில் 911-இன் பெரிய எஞ்சின்கள், ஜப்பானிய சுபாருவின் நீர்க்குளிர்ச்சி எஞ்சின்கள், எட்டு சிலிண்டர்கள் V வடிவில் அமைந்த அமெரிக்க வி8 எஞ்சின்கள் என்று பலவற்றையும் தனியார் பட்டறைகள் இந்தச் சிறிய காருக்குள் இறக்கிப் பார்த்திருக்கின்றன.

நடுவில் எஞ்சின் கொண்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார்களில் இதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் இந்தப் பன்மைதான். 1976 வரை தயாரான ஏறத்தாழ 1,19,000 கார்களில் ஆறு சிலிண்டர் கொண்ட 914/6 சுமார் 3,300 மட்டுமே. அதுவும் 1972-இலேயே நின்றுபோனது. மற்றவை அனைத்தும் நான்கு சிலிண்டர் கார்கள். அவற்றில் ஒன்றை வைத்திருப்பவர், வளைவில் கார் காட்டும் நிதானத்துக்கு ஈடாக நேர்ச்சாலையில் எஞ்சின் இழுக்கவில்லையே என்று ஏங்குவதில் நியாயம் இருக்கிறது. அந்த ஏக்கத்தைத் தீர்க்கப் போகும்போது எந்த எஞ்சின் பொருந்தும் என்பதைக் காரின் கியர்பாக்ஸ், அடிக்கூடு, வெப்பம் வெளியேறும் வழி ஆகிய மூன்றும் சேர்ந்து தீர்மானிக்கின்றன. குதிரைத்திறனைப் பற்றிய பேச்சு இவற்றுக்குப் பிறகே வரவேண்டும் என்பதே பல மாற்றங்களைக் கூர்ந்து பார்த்தபின் நான் வந்தடைந்த முடிவு.

கியர்பாக்ஸிலிருந்து தொடங்குகிறேன். 911-இல் எஞ்சின் பின் அச்சுக்குப் பின்னால் தொங்க, கியர்பாக்ஸ் அதற்கு முன்னால் நீண்டிருக்கும். 914-இல் அந்த முழுத் தொகுப்பும் அப்படியே திருப்பி வைக்கப்பட்டிருப்பதால், முன்னிருந்து பின்னாக எஞ்சின், கிளட்ச், இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்தளிக்கும் டிஃபரென்ஷியல், கியர்கள் என்ற வரிசை அமைகிறது. இப்படித் திருப்பும்போது சக்கரங்கள் சுழலும் திசையும் மாறிவிடும். அதைச் சரிசெய்யாவிட்டால் கார் ஐந்து கியர்களில் பின்னோக்கியும் ஒரே ஒரு கியரில் முன்னோக்கியும் ஓடும். எனவே 914-இன் கியர்பாக்ஸில், டிஃபரென்ஷியலைச் சுழற்றும் பெரிய பற்சக்கரமான கிரௌன் வீல், அதை ஓட்டும் சிறிய பற்சக்கரமான பினியனின் மறுபக்கத்துக்கு மாற்றி அமைக்கப்பட்டது. 911-இன் கியர்பாக்ஸ் ஒன்றை வாங்கி 914-இல் மாட்ட நினைப்பவர் முதலில் எதிர்கொள்வது இந்தத் திசைச் சிக்கலைத்தான்.

இந்தக் கியர்பாக்ஸ் 1960-களின் 2 லிட்டர் 911-க்காக வடிவமைக்கப்பட்ட 901 வகையின் வழிவந்தது. அதன் முதல் கியர் விகிதம் 3.09, கிரௌன் பினியன் விகிதம் 4.43, இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 13.7 வரும். 914/6-இன் எஞ்சின் தரும் உச்ச முறுக்குவிசை 157 நியூட்டன் மீட்டர். முதல் கியரில் அது பின் அச்சை அடையும்போது ஏறத்தாழ 2,150 நியூட்டன் மீட்டராகிறது. அதே இடத்தில் 1978-ஆம் ஆண்டு 911 எஸ்சி காரின் 3 லிட்டர் எஞ்சினை வைத்தால், அதன் 265 நியூட்டன் மீட்டர் 3,600-ஐத் தாண்டும். 400 நியூட்டன் மீட்டர் தரும் ஒரு சாதாரண வி8 எஞ்சின் ஏறத்தாழ 5,500-ஐத் தொடும். பற்சக்கரங்களின் அளவும், அவற்றைத் தாங்கும் பேரிங்குகளும், அலுமினிய உறையும் அப்படியே இருக்க, அவை சுமக்கும் விசை மட்டும் இரண்டரை மடங்காகிறது.

இங்கே பலர் கவனிக்கத் தவறும் ஒன்று உண்டு. கியர்பாக்ஸின் வழியாகப் பாயக்கூடிய விசைக்கு எஞ்சின் ஓர் எல்லை என்றால், டயரின் பிடிப்பு மற்றோர் எல்லை. 914-க்குத் தொழிற்சாலை கொடுத்த டயர்கள் 155, 165 மில்லிமீட்டர் அகலமே கொண்டவை. விசை மிகுந்தால் அவை வழுக்கிச் சுழன்றுவிடும், பற்கள் பிழைத்துக்கொள்ளும். அகலமான, நன்றாக ஒட்டும் டயரைப் போட்ட பிறகு அந்த வடிகால் அடைபட்டு, கிளட்சைச் சட்டென விடும் ஒவ்வொரு முறையும் முழு அடியையும் கியர்பாக்ஸே வாங்குகிறது. ஒரே எஞ்சின், ஒரே கியர்பாக்ஸ் கொண்ட இரு கார்களில் ஒன்று ஆண்டுக்கணக்கில் ஓடுவதும் மற்றொன்று சீக்கிரமே பல் உடைவதும் பெரும்பாலும் இதனால்தான். எஞ்சினுக்கு முன்பே டயரைப் பற்றியும் முடிவு செய்துவிட வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்தக் காரணத்தால்.

அடுத்தது அடிக்கூடு. 914-இன் கூரை கழற்றி எடுக்கக்கூடிய கண்ணாடியிழைப் பலகை. காரின் விறைப்புக்கு அது எந்த உதவியும் செய்வதில்லை. முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இணைத்து நிறுத்துபவை இருபுறக் கதவுகளுக்கும் அடியில் நீண்டு செல்லும் பெட்டி வடிவ விட்டங்களும், நடுவில் ஓடும் சுரங்கமும்தான். அந்த விட்டங்களின் உள்ளேதான் எஞ்சினின் சூடான காற்று பயணிகள் பகுதிக்கு வரும் குழாயும் செல்கிறது. உள்ளே ஈரம் தங்கினால் வெளிப்பூச்சு பளபளப்பாக இருக்கும்போதே தகடு உள்ளிருந்து அரிக்கப்படும்.

இதைவிட மோசமான இடம் எஞ்சின் அறையின் வலப்பக்கம், பேட்டரித் தட்டுக்குக் கீழே இருக்கிறது. பேட்டரியிலிருந்து கசியும் அமிலமும், மூடியின் சல்லடை வழியாக இறங்கும் மழைநீரும் சேர்ந்து வழிந்து, வலப் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் தொங்கல் கை (சஸ்பென்ஷன் ஆர்ம்) பொருத்தப்பட்டிருக்கும் தாங்கியின் மேல் போய் விழுகின்றன. அமெரிக்காவில் இந்தக் காரை வைத்திருப்பவர்கள் இந்த இடத்துக்கு நரகக் குழி என்று பொருள்படும் பெயரை வைத்திருக்கிறார்கள். அந்தப் பெயரில் மிகை எதுவும் இல்லை. பேட்டரித் தட்டைக் கழற்றிவிட்டு, அடியில் இருக்கும் தகட்டைத் திருப்புளியின் பிடியால் மெல்லத் தட்டிப் பார்த்தால், நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும். அரித்த தகடு ஈர அட்டையைத் தட்டியதுபோல் மந்தமாக ஒலிக்கும், சில வேளை திருப்புளியே உள்ளே போய்விடும். அந்தத் தாங்கி விட்டுக்கொடுத்தால் வலப் பின்சக்கரத்தின் கோணம் ஓட்டத்தின் நடுவே மாறும். 80 குதிரைத்திறனில் அது எரிச்சலூட்டும் அளவிலான குறை. 200 குதிரைத்திறனில் உயிருக்கு ஆபத்து.

எளிய சோதனை ஒன்று உண்டு. கார் தரையில் நிற்கும்போது கதவின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையிலான இடைவெளியை மேலும் கீழும் பார்த்துக்கொண்டு, பிறகு ஜாக்கி வைத்துக் காரைத் தூக்கி, கதவைத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். விட்டங்கள் வலுவாக இருந்தால் கதவு அதே ஓசையோடு மூடும். மேல் இடைவெளி குறுகிக் கதவு உரசினால், எஞ்சின் வாங்க வைத்திருந்த பணத்தை டிங்கரிங் வேலைக்கு ஒதுக்க வேண்டியதுதான். வெல்டிங்கைத் தொடங்குமுன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து உடலின் வடிவத்தைப் பிடித்துக்கொள்வதும் கட்டாயம். இல்லையென்றால் வளைந்த வடிவத்திலேயே கார் புதிதாக உறைந்துவிடும்.

திறனைக் கூட்டும்போது கூட்டையும் விறைப்பாக்க வேண்டும் என்பது போர்ஷேவுக்கே தெரிந்திருந்தது. பந்தயத்துக்கான 914/6 ஜிடி கார்களின் விட்டங்கள் கூடுதல் தகடுகளால் வலுவூட்டப்பட்டன. 1970-இல் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் அத்தகைய கார் ஒன்று ஒட்டுமொத்தமாக 6-ஆம் இடத்தைப் பிடித்தது. 911 எஸ்-இன் 190 குதிரைத்திறன் எஞ்சினோடு 916 என்ற பெயரில் திட்டமிடப்பட்டு, 11 கார்களோடு கைவிடப்பட்ட வகையில், கழற்றும் கூரைக்குப் பதிலாக எஃகுக் கூரையே பற்றவைக்கப்பட்டது. 190 குதிரைத்திறனுக்குத் தொழிற்சாலை அப்படிச் செய்தது என்றால், 300-ஐ வைத்துக்கொண்டு கூரையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்ட நினைப்பவர் அதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

இனி எஞ்சின்கள். 911-இன் ஆறு சிலிண்டர் எஞ்சின் இந்தக் காருக்கு உறவுமுறை போன்றது. காற்றால் குளிர்வதால் ரேடியேட்டருக்காக உடலை வெட்ட வேண்டியதில்லை. கியர்பாக்ஸ் உறையோடு, பொருந்தாத இரண்டை இணைக்கும் அடாப்டர் தகடு இல்லாமலே இணையும். 914/6-இல் இருந்ததைப் போன்ற முன் தாங்கி ஒன்றையும், இந்த எஞ்சின் தன் எண்ணெயைத் தனித் தொட்டியில் வைத்துக்கொள்வதால் அந்தத் தொட்டிக்கு ஓர் இடத்தையும் ஏற்படுத்தித் தந்தால் பெரும்பகுதி வேலை முடிந்தது. நுணுக்கங்கள் எஞ்சினின் தலைமுறையைப் பொறுத்தவை. 2.7 லிட்டர் எஞ்சினின் நடு உறையான கிராங்க்கேஸ் மெக்னீசியத்தால் ஆனது. வெப்பம் மிகும்போது சிலிண்டர் தலைகளைப் பிடித்திருக்கும் நீண்ட திருகுக் கம்பிகளான ஸ்டட்டுகள் அதிலிருந்து பெயர்ந்து வரும் குறை நன்கு அறியப்பட்டது. எஸ்சி காரின் 3 லிட்டர் எஞ்சின் அலுமினிய உறை கொண்டது, உழைப்பில் உறுதியானது. ஆனால் அதன் கிராங்க் தண்டில், கிளட்ச் அமரும் கனமான சக்கரமான ஃப்ளைவீல் 9 போல்ட்டுகளால் மாட்டப்படுவதால், பழைய 6 போல்ட் ஃப்ளைவீல் அதற்குப் பொருந்தாது. 901 கிளட்சுக்கு ஏற்ற தனி ஃப்ளைவீலைத் தேடிப் பிடிக்க வேண்டும். என் கணிப்பில், நிதானமாக ஓட்டுபவருக்கு 2.2, 2.4 லிட்டர் எஞ்சின்களே 901 கியர்பாக்ஸோடு அதிகம் ஒத்துப்போகின்றன. தடை ஒன்றே ஒன்று: 911-இன் மதிப்பு ஏற ஏற, அதன் எஞ்சின்களும் காரைவிட விலையுயர்ந்த பொருளாகிவிட்டன.

அந்த இடத்தில்தான் சுபாரு வருகிறது. அதன் இஜே வகை நான்கு சிலிண்டர் எஞ்சினும் படுத்த அமைப்பு கொண்டது. குட்டையானது, தாழ்வானது, எளிதில் கிடைப்பது. 2.5 லிட்டர் அளவில், டர்போ இல்லாமலே, 165 குதிரைத்திறனும் 225 நியூட்டன் மீட்டரும் தரும் வகைகள் உண்டு. இதைவிட எனக்கு வியப்பளிப்பது வரிசை ஒற்றுமை. சுபாருவின் நான்கு சக்கர இயக்கக் கார்களில் எஞ்சின், கிளட்ச், முன் டிஃபரென்ஷியல், கியர்கள் என்று முன்னிருந்து பின்னாக வரும் வரிசை, 914-இன் வரிசையேதான். ஆகவே கிரௌன் வீலை மறுபக்கம் மாற்றும் வேலை இல்லாமல், சுபாருவின் கியர்பாக்ஸையே கொண்டுவந்து, பின்சக்கரங்களுக்குச் செல்லும் வெளியீட்டை நீக்கி, நடு டிஃபரென்ஷியலைப் பூட்டிவிட்டால், அதன் முன் டிஃபரென்ஷியல் 914-இன் பின்சக்கரங்களைச் சுழற்றும். கியர் மாற்ற வயர்களும், இரு முனைகளிலும் பொருந்தும் டிரைவ் ஷாஃப்ட்டுகளும் செய்துகொள்ள வேண்டும். கியர்பாக்ஸ் பற்றி மேலே சொன்ன கவலையெல்லாம் இந்த ஒரு முடிவால் பெருமளவு நீங்குகிறது. பழைய கியர்பாக்ஸையே வைத்துக்கொள்பவருக்கு அடாப்டர் தகடுகள் கிடைக்கின்றன. ஆனால் முழுத் தொகுப்பையும் ஒரே காரிலிருந்து எடுப்பதே சிறந்த பொறியியல் என்று நான் கருதுகிறேன்.

சுபாரு மாற்றங்கள் சறுக்குவது குளிர்விப்பில். 914-இன் முன்பக்கம் ரேடியேட்டருக்காக வடிவமைக்கப்பட்டதல்ல. முன்னால் துளை வெட்டி ரேடியேட்டரை வைத்துவிடுவது எளிது; அதன் வழியாக வந்த காற்று எங்கே வெளியேறும் என்பதை முடிவு செய்வதுதான் கடினம். முன் டிக்கியின் அடித்தளத்தைத் திறந்து காருக்கு அடியிலோ, சக்கரக் குழிகளிலோ காற்றை விடாவிட்டால், உள்ளே அழுத்தம் கூடி, எவ்வளவு பெரிய ரேடியேட்டரானாலும் அதன் ஊடாகக் காற்று நகராது. நீர் செல்லும் குழாய்கள் காரின் நீளத்துக்கு அடியில் ஓடுகின்றன. அவற்றில் ஏதாவது ஓர் இடம் மேடாக வளைந்தால் காற்று அங்கே சிக்கிக்கொள்ளும். முழுச் சுற்றிலும் மிக உயரமான இடத்தில் விரிவுத் தொட்டியும், ரேடியேட்டரின் மேல்மூலையில் காற்று வெளியேற்றும் திருகும் இருந்தே ஆக வேண்டும்.

இதில் நான் அருகிலிருந்து பார்த்த கோளாறு ஒன்றைச் சொல்ல வேண்டும். மாற்றம் செய்து முடித்த ஒரு காரில் வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டை நெருங்கும், பின் திடீரென்று கீழே விழும், மீண்டும் ஏறும். ரேடியேட்டர் பெரியது, மின்விசிறி ஓடுகிறது, காற்றும் வெளியேற்றப்பட்டுவிட்டது. காரணம், தேவையில்லை என்று அடைக்கப்பட்டிருந்த ஹீட்டர் குழாய்களில் இருந்தது. இஜே எஞ்சினில், சூட்டுக்கேற்ப நீரின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட், சூடான நீர் வெளியேறும் வாயிலில் இல்லை. ரேடியேட்டரிலிருந்து குளிர்ந்த நீர் உள்ளே வரும் கீழ்வாயிலில் இருக்கிறது. எஞ்சின் சூடேறிவிட்டது என்பதை அது அறிவதே ஹீட்டர் சுற்று வழியாகத் திரும்பி வரும் சூடான நீரால்தான். அந்தச் சுற்றை அடைத்துவிட்டால், எஞ்சின் கொதிக்கும்போதும் தெர்மோஸ்டாட் குளிரிலேயே மூடிக் கிடக்கும். ஒரு கட்டத்தில் தாமதமாகத் திறந்து, முன்னாலிருந்து நீண்ட குழாயில் காத்திருக்கும் குளிர்ந்த நீரை மொத்தமாக உள்ளே விட, உடனே மீண்டும் மூடிக்கொள்ளும். ஒரு முழ ஹோஸைக் கொண்டு அந்த இரு வாயில்களையும் இணைத்துச் சுற்றைத் திறந்துவிட்டதும் முள் நடுவில் நின்றது. சிலிண்டர் தலை கேஸ்கெட் போன பிறகு இதைக் கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள் என்பதால்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

வி8 குறித்துச் சுருக்கமாகவே சொல்ல முடியும். செவ்ரலேயின் பழைய 5.7 லிட்டர் எஞ்சின் வார்ப்பிரும்பால் ஆனது, ஏறத்தாழ கால் டன் எடை கொண்டது. 914-இன் மொத்த எடையே சுமார் 900 கிலோ. எஞ்சின் நீளமானதால் நீர்ப் பம்பு இருக்கைக்குப் பின்னுள்ள சுவரை முட்டும். சுவரை வெட்டிக் கதவு வைத்தாக வேண்டும். 1997-இல் வந்த எல்எஸ்1 போன்ற அலுமினிய எஞ்சின்கள் எடைச் சிக்கலைக் குறைத்தன. கியர்பாக்ஸ் சிக்கல் அப்படியே நிற்கிறது. 1969-இல் போர்ஷேவே 908 பந்தயக் காரின் 3 லிட்டர் எட்டு சிலிண்டர் எஞ்சினை வைத்து 914/8 என்று இரண்டு கார்களைச் செய்தது உண்மைதான். ஒன்று நிறுவனத்தின் மேம்பாட்டுப் பிரிவை நடத்திய ஃபெர்டினாண்ட் பீயெக்குக்கு, மற்றொன்று நிறுவனத் தலைவர் ஃபெர்ரி போர்ஷேவின் 60-ஆம் பிறந்தநாளுக்கு. அது படுத்த அமைப்பு கொண்ட, பந்தயத்துக்காக எடை குறைத்துச் செய்த எஞ்சின் என்பதால், அதை வி8-க்கு முன்னுதாரணமாகக் காட்டுவது பொருந்தாது. கூடு முழுவதையும் வலுவாக்கி, கியர்பாக்ஸ், பிரேக், தொங்கலமைப்பு எல்லாவற்றையும் மாற்றிய வி8 914-கள் உண்டு, அவற்றைச் செய்தவர்களின் கைத்திறனை நான் மதிக்கிறேன். ஆனால் இந்தக் காரை விரும்பவைத்த இலேசான கைப்பாங்கு அவற்றில் மீதமிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எந்த எஞ்சினைத் தேர்ந்தாலும் தவிர்க்க முடியாத வேலைகள் சில உண்டு. நான்கு சிலிண்டர் கார்களின் முன் பிரேக் தட்டுகள் கனமற்றவை, சக்கரங்கள் 4 போல்ட் கொண்டவை. 914/6-க்கு 911-இன் காற்றோட்டமுள்ள தட்டுகளும் 5 போல்ட் சக்கரங்களும் தரப்பட்டதைப் பின்பற்றுவதே முறை. நடுச் சுரங்கத்தின் உள்ளே முன் தொட்டியிலிருந்து எஞ்சினுக்கு ஓடும் பெட்ரோல் குழாய்கள் பிளாஸ்டிக்கால் ஆனவை; இத்தனை ஆண்டுகளில் அவை கையில் எடுத்தால் நொறுங்கும் நிலைக்கு வந்திருக்கும். புதிய எஞ்சினின் இன்ஜெக்ஷன் அமைப்பு பழையதைவிடக் கூடுதல் அழுத்தத்தில் பெட்ரோலைத் தள்ளும் என்பதால், அவற்றை உருவிவிட்டுத் துருப்பிடிக்காத எஃகுக் குழாய்களை இழுத்த பிறகே பேட்டரியை இணைக்க வேண்டும். பழைய கார்களில் எஞ்சின் அறையின் வெப்பத்தில் இருந்த பெட்ரோல் பம்பை 1975-இல் தொழிற்சாலையே முன் தொட்டிக்கு அருகில் மாற்றியது. புதிய பம்புக்கும் அதுவே இடம்.

சட்டமும் ஆண்டைப் பார்க்கிறது. இந்தக் கார்கள் மிகுதியாக விற்ற அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் 1975 வரையிலான மாடல்களுக்குப் புகைச் சோதனை இல்லை. 1976 மாடலுக்கு உண்டு. அந்த ஓராண்டு வேறுபாட்டால், 1976 காரில் வைக்கும் எஞ்சின் காரின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாகவும், அது வந்த காரின் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தையும் உடன் கொண்டதாகவும் இருக்க வேண்டும்.

கடைசியாக, எஞ்சினை மாற்றாமலே திறனைக் கூட்டும் வழி. 914-க்குப் பின்னாளில் வந்த 2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினில், பிஸ்டன் நகரும் 71 மில்லிமீட்டர் தூரத்தை அப்படியே வைத்து, 94 மில்லிமீட்டர் பிஸ்டன்களுக்குப் பதில் 96 மில்லிமீட்டர் பிஸ்டன்களைப் போட்டால் 2,056 கன சென்டிமீட்டர் கிடைக்கும். தொழிற்சாலையின் 2 லிட்டர் நான்கு சிலிண்டர் எஞ்சினே 914/6 தந்த அதே 157 நியூட்டன் மீட்டரை 4,200-க்குப் பதிலாக 3,500 சுற்றிலேயே தந்தது என்பதை நினைவில் கொண்டால், இந்தச் சிறு பெருக்கம் சாலையில் எப்படி உணரப்படும் என்பதை ஊகிக்கலாம். வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்டில் மென்மையான ஒன்றைத் தேர்ந்தால், உறிஞ்சு குழாயின் அழுத்தத்தைப் படித்து இயங்கும் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷனும் தன் இடத்திலேயே தொடரும். கூர்மையான கேம்ஷாஃப்டை வைத்தால் அந்த அழுத்தம் தடுமாறி, கார் நின்ற இடத்தில் சீராகச் சுழலாது. துருவைச் சரிசெய்த ஒரு கூட்டில், பழைய கியர்பாக்ஸுக்கு எந்த அச்சமும் தராத இந்த எஞ்சினோடு முதலில் ஓர் ஆண்டு ஓட்டிப் பார்க்கும்படி, என்னிடம் கேட்பவர்களுக்குச் சொல்லிவருகிறேன். அப்போதும் போதவில்லை என்பவர் சுபாருவுக்குப் போகலாம். ரேடியேட்டருக்கும் அதன் காற்று வெளியேறவும் வெட்டும் துளைகளைத் தவிர வேறெதையும் வெட்டாமல் மாற்றத்தைச் செய்து, கழற்றிய எஞ்சினையும் கியர்பாக்ஸையும் எண்ணெய் பூசி, வாயில்களை அடைத்து, எண் பொறித்த பக்கம் தெரியும்படி மரச்சட்டத்தில் ஏற்றி, காரோடு சேர்த்தே வைத்திருக்க வேண்டும்.